நாலு மணி சிஸ்டர்

சிஸ்டரின் கழுத்தளவு பதினாலு இஞ்ச். நான் வைத்துத் தைத்தது பதிமூன்றரை. கை தவறி நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அளந்து, சாக்பீஸால் கோடு கிழித்து, தெரிந்தேதான் வெட்டினேன்.

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், முதல் மாடியில் என் தையல் மிஷின் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இடுப்பில் சுற்றும் பச்சை லொஞ்சியும் வெள்ளைச் சட்டையும் தைப்பேன். எங்கள் கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்துக்கு அங்கி தைப்பதும் நான்தான். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், ஆளுக்கு இரண்டு. அந்த மடத்தில் பாலர் பள்ளியை நடத்தியவள்தான் இந்தச் சிஸ்டர். பெயரை எழுத எனக்கு மனமில்லை. என் மகள் ரோஸ்லின் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எதிரில் வந்தால் "வாங்க சிஸ்டர், உக்காருங்க" என்பேன். மனசுக்குள் எப்போதும் "அவள்"தான். இங்கேயும் மனசில் இருந்தபடியே எழுதுகிறேன், மாதா மன்னிக்கட்டும்.

ஆள் குள்ளம். நடை மட்டும் வேகம். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பாள். மூக்குத் தண்டில் மட்டும் ஒரே ஒரு கோடு தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசுவாள், கன்னத்தில் தடவ மாட்டாள். பாட்டு சுத்தமாக வராது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் எல்லோருக்கும் மேலே கேட்கிற மாதிரி பாடுவாள். பிள்ளைகளைக் கொஞ்ச மாட்டாள். மடியில் உட்கார வைத்துக்கொள்ள மாட்டாள். எந்தப் பிள்ளையையும் "என் கண்ணு" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்படியும் பிள்ளைகள் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு அலைந்தன. அதுதான் எனக்குப் புரியவேயில்லை.

காலையில் பாலர் பள்ளி, பிற்பகலில் பெரிய பிள்ளைகளுக்கு டியூஷன். நாலு மணி ஆனதும் கைமணியை அடிப்பாள். கேட்டைத் திறந்து பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் முதுகில் ஒரு தட்டுத் தட்டி வெளியே அனுப்புவாள்.

"வீட்டுக்குப் போ. அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில், பர்மாப் பிள்ளைக்குப் பர்மியில், அதே வாக்கியம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்று எந்தப் பிள்ளையாவது சிணுங்கினால், "நாலு மணிக்கு மேல நான் யாருக்கும் இல்ல" என்பாள். பெரியவர்களுக்கும் அதே கதிதான். ஒருமுறை பங்குப் பேரவைத் தலைவர், நல்ல கனமான மனிதர், திருநாள் சப்பரத்தைப் பற்றி அவளிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மணி நாலு. அவர் வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அவள் அவர் முதுகையும் தட்டிவிட்டுக் கேட்டைச் சாத்திவிட்டாள். பிள்ளைகள்தான் முதலில் "நாலு மணி சிஸ்டர்" என்று பேர் வைத்தன. பிறகு மடத்துத் தலைவி மதர்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

எனக்கு அது தந்திரமாகப் பட்டது. விரட்டுகிற ஆளைத்தான் மனிதர்கள் துரத்திக்கொண்டு போவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். நான் என் மகளை ஒரு நாளும் விரட்டியதில்லை. காலையில் கல்லில் தனாக்கா உரைத்து, அவள் இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசி, சீவி முடிந்து அனுப்புவேன். ஆறு வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தாள். கன்னத்தில் ஒன்றுமில்லை. மூக்குத் தண்டில் மட்டும் ஒரு கோடு.

"யாருடி தொடச்சது?"

"நானேதாம்மா. சிஸ்டர் மாதிரி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் "சிஸ்டர் மாதிரி"தான். சோறு பிசைவது சிஸ்டர் மாதிரி. கைக்குட்டையை நாலாக மடிப்பது சிஸ்டர் மாதிரி. கிராம்பு கேட்டு அழுதாள். என் வீட்டுக்காரர் லான்மடாவில் ஒரு பருப்புக் கடையில் வேலை பார்க்கிறவர். அவர் ஒரு பொட்டலம் கிராம்பே கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு கிறிஸ்துமசுக்கு முன்னால் இரண்டு மாதம் உட்கார்ந்து ரோஸ்லின் ஒரு கைக்குட்டையில் நீலப் பூ தைத்தாள். என் மிஷினுக்குக் கீழே, என் நூலில், நான் சொல்லிக் கொடுத்த தையல். யாருக்கு என்று கேட்கவில்லை. தாய்க்குத்தான் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. விழாவன்று அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனாள். சாயங்காலம் அதே பொட்டலத்தோடு வந்து என் மடியில் வைத்தாள்.

"சிஸ்டர் உனக்குக் குடுக்கச் சொன்னாங்கம்மா."

எல்லாப் பிள்ளைகளின் பரிசையும் அவள் அப்படித்தான் அம்மாக்களுக்குத் திருப்பி அனுப்பினாள் என்று பின்னால் தெரிந்தது. மற்ற அம்மாக்கள் பூரித்துப் போனார்கள். எனக்கு, அவள் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அனுப்பிய மாதிரி இருந்தது. அந்தக் கைக்குட்டை இன்றைக்கும் பீரோவில் மடித்த மடிப்போடு கிடக்கிறது. ஒரு நாளும் நான் அதைத் தொட்டு முகம் துடைத்ததில்லை.

ரோஸ்லினுக்குப் பத்து வயதில் டெங்கு வந்தது. மூன்று நாள் காய்ச்சல் இறங்கவில்லை. நான் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்காமலே "சிஸ்டர், சிஸ்டர்" என்று முனகினாள். அம்மா என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மடத்துக்கு ஓடினார். அவளும் வந்தாள், மாடிப்படியில் குடையின் சத்தம் கேட்டது. ஆனால் மேலே வரவில்லை. படி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டாள். நான் கதவோரம் போனேன்.

"உள்ள வாங்க சிஸ்டர், உங்களத்தான் கூப்பிடுது."

"நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல அக்கா. நான் எதுக்கு?"

இரண்டு ஆரஞ்சுப் பழத்தைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். எத்தனை திமிர் என்று நினைத்தேன். நான் வாய்விட்டு அழைத்தும் வாசல் மிதிக்கவில்லை. பிள்ளை பிழைத்தாள். அதற்கடுத்த மாதம்தான் அங்கிக்குத் துணி வந்தது. அப்போதுதான் அந்த அரை இஞ்சைக் குறைத்தேன்.

கழுத்துப் பின்னால் கொக்கி போடுகிற அங்கி அது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது. பாட்டில் மேல்ஸ்தாயி வரும்போது கழுத்தைக் கோழி மாதிரி நீட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு கணம் இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை வந்து திட்டுவாள், அல்லது பிரித்துத் தைக்கச் சொல்லுவாள், நானும் "அப்படியா சிஸ்டர், மடத்துச் சாப்பாடு உடம்புல ஒட்டுது போல" என்று சொல்லலாம் என்று பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வரவேயில்லை. அடுத்த வருடம் துணியோடு ஒரு சீட்டு வந்தது. "போன தடவை மாதிரியே தைக்கவும்" என்று எழுதியிருந்தாள்.

என்ன செய்வது? போன தடவை மாதிரியே பதிமூன்றரை தைத்தேன். அதற்கடுத்த வருடமும் அதே சீட்டு. சரியாகத் தைத்தால் முன்னே தப்பாகத் தைத்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவளிடம் போய் ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. இப்படியே பத்து வருடம், இருபது அங்கி.

ஒரு தவக்காலத்தில் மனம் கேட்காமல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அப்போது எங்கள் பங்குச் சாமியார் கரேன் இனத்துக்காரர். தமிழ்ப் பூசை வைப்பதற்காகவே தமிழ் படித்தவர்.

"பொறாமையில ஒரு சிஸ்டரோட அங்கியில கழுத்தக் கொறச்சுத் தச்சுட்டேன் ஃபாதர்."

"எவ்வளவு?"

"அரை இஞ்ச்."

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு அவருடைய புத்தகத் தமிழில் அபராதம் கொடுத்தார். "மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அந்த அரை இஞ்சையும் திருப்பிக் கொடுங்கள்."

மந்திரம் மூன்றையும் அங்கேயே முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன். அரை இஞ்ச் மட்டும் பாக்கி நின்றது.

ரோஸ்லினுக்குப் பத்தொன்பது ஆனது. நாட்டு நிலவரம் சரியில்லாமல், காலேஜுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று ஊரே குழம்பிக் கிடந்த நேரம். அவளோடு படித்தவர்கள் பாதிப் பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். ஒரு நாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே சொன்னாள்.

"அம்மா, நான் மடத்துல சேரணும்."

ஒற்றைப் பிள்ளை. நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா? அவதானே?"

"அவங்க ஒண்ணுமே சொல்லலம்மா."

என் வீட்டுக்காரர் மெதுவாக, "புள்ள சாமிக்குப் போறேங்குது. நீ ஏன் சாமிகூட மல்லுக்கு நிக்கிற?" என்றார்.

"நான் சாமிகூட நிக்கல. அந்த சிஸ்டர்கூட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. பாலர் பள்ளி அறையில் பாயில் இருபத்தைந்து பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள், கரண்ட் இல்லை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். பதினைந்து வருட ஆத்திரத்தை நான் கிசுகிசுத்துத்தான் கொட்ட வேண்டியிருந்தது. உலகத்தில் வேறு யாரும் அப்படிச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

"எம் புள்ளய மயக்கிட்டீங்க" என்று கிசுகிசுத்தேன்.

"மூணு தடவ வந்து சிபாரிசுக் கடுதாசி கேட்டுச்சு அக்கா. மூணு தடவயும் திருப்பி அனுப்பிட்டேன்."

"எதுக்கு? இன்னும் நல்லா ஏங்கட்டும்னா?"

ஒரு பிள்ளை புரண்டு படுத்தது. அது திரும்பத் தூங்கும்வரை விசிறினாள்.

"உங்க கையால கூட்டிக்கிட்டு வந்தீங்கன்னா எழுதுவேன். இல்லன்னா எழுத மாட்டேன். அவகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

"நான் கூட்டிக்கிட்டு வரமாட்டேன். இந்த ஜென்மத்துல வரமாட்டேன்."

"சரி அக்கா."

அந்த "சரி" என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்கு வந்தவளுக்கு எதிரில் ஆளில்லாமல் போனால் எப்படி? நான் போகாமல் நின்றேன். அவள் விசிறியைப் பார்த்தபடி பேசினாள், என்னிடம் சொல்கிறாளா தனக்குச் சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத மாதிரி.

"நான் பெகூப் பக்கம் வயக்காட்டுப் புள்ள. வீட்டுல சொல்லாம மடத்துக்கு வந்துட்டேன். அம்மா ரெண்டு மாசம் கழிச்சு விசாரிச்சுக்கிட்டு ரயில்ல வந்துச்சு. அன்னிக்கு எங்களுக்கு மௌன தியானம். யாரையும் பாக்கக் கூடாதுன்னு கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் ரோட்டோரம் நின்னிருக்கு. கடல உருண்ட செஞ்சு கொண்டாந்துச்சு. தியானம் முடிஞ்சு நாலாம் நாளு அத எங்கையில குடுத்தாங்க. அதுக்கப்புறம் அது வரல. நாந்தான் போனேன், அடக்கத்துக்கு."

நான் இறங்கி வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு வந்தது இரக்கமென்று எழுதினால் என் மரியாதை காப்பாற்றப்படும். வந்தது இன்னும் கூடுதலான பொறாமை. இதுவரை அவளைத் திருடி என்று வைதுகொள்ளவாவது முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று.

அதன் பிறகு ஒரு வருடம் ரோஸ்லின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் பாலர் பள்ளியிலேயே உதவி சயாமாவாக, அதாவது டீச்சராக, வேலை பார்த்தாள். நாலு மணி அடித்து ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள், சாப்பிட மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கி வருவாள், கோபமாக ஒரு சொல் கிடையாது. மாலை ரயில் போகும்போது மட்டும் ஊசியை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். "கொடுத்து வச்சவங்க அக்கா நீங்க, பொண்ணு கூடவே இருக்கு" என்றாள் லொஞ்சி தைக்க வந்த ஒருத்தி. எனக்குச் சுருக்கென்றது. ரோஸ்லின் நாலு ஐந்துக்கு வீடு வந்துகொண்டிருந்தது அந்தச் சிஸ்டர் முதுகில் தட்டி அனுப்பியதால்தான். அவள் ஒரே ஒரு கடுதாசி எழுதியிருந்தால் பிள்ளை என்றைக்கோ போயிருப்பாள். என் மகள் என் வீட்டில் இருந்ததே அவள் எனக்குப் போட்ட பிச்சை. கைக்குட்டையைத் திருப்பி அனுப்பிய மாதிரி பிள்ளையையும் தினம் தினம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மழைக்கு முன்னால் அங்கித் துணி வந்தது. "போன தடவை மாதிரியே" என்ற அதே சீட்டும் வந்தது. அந்த ஞாயிறு பூசை முடிவில் மாற்றல் பட்டியல் வாசித்தார்கள். பதினாறு வருடம் மதர் விடாமல் வைத்திருந்தவளுக்கு இந்த முறை மாற்றல், வடக்கே மலைப்பக்கத்து ஊருக்கு. ரோஸ்லின் அழவில்லை, என்னை ஒன்றும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்தச் சிஸ்டர் போவதற்கு முந்தின நாள், இரண்டு அங்கியையும் மடித்துப் பையில் வைத்தேன். ரோஸ்லின் கையைப் பிடித்தேன். நல்ல மனசு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பிள்ளையை இன்னொருத்தி தயவில் வைத்திருப்பதைவிட, நானே கொடுத்துவிட்டேன் என்று இருப்பது மேல் என்று தோன்றியது, அவ்வளவுதான். இருபது வயதுப் பெண்ணைப் பாலர் பள்ளிக்குச் சேர்க்கப் போகிறவள் போல இழுத்துக்கொண்டு நடந்தேன்.

கேட்டில் அவள் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளையும் போனது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள், பிறகு எங்கள் கையைப் பார்த்தாள்.

"நாலு மணி ஆச்சு அக்கா" என்றாள், பழக்கத்தில்.

"தெரியும். எங்கையாலதான் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். எழுதிக் குடுங்க."

நான் பார்த்து முதல்முறையாக அந்தக் கேட் நாலு மணிக்கு மேல் சாத்தாமல் கிடந்தது. உள்ளே கூட்டிப் போய், பாலர் பள்ளி மேசையில் உட்கார்ந்து கடுதாசி எழுதினாள். இரண்டு இடத்தில் அடித்து எழுதினாள். நான் அங்கிப் பையை நீட்டினேன்.

"போட்டுப் பாருங்க."

உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். கழுத்துக் கொக்கியைப் போட்டுவிட்டு, துணிக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுச் சுற்றினாள். விரல் தாராளமாகச் சுற்றியது.

"இப்பத்தான் மூச்சு விட முடியுது அக்கா" என்றாள்.

ஆக, அவளுக்கு எல்லாம் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. கேட்க இனி வழியுமில்லை. போன மழைக்காலத்தில் அந்த மலை ஊரில் காய்ச்சலில் போய்விட்டாள். பாதை சரியில்லாததால் இங்கிருந்து யாரும் அடக்கத்துக்குப் போகவில்லை.

ரோஸ்லின் இப்போது மிங்கலாடோனில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் பயிற்சி மடத்தில் இருக்கிறாள். மாதத்தில் முதல் ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். இரண்டு பஸ் மாறி, புளிச்சோறு கட்டிக்கொண்டு போவேன். செய்தி வந்த மாதம் போனபோது, என் தோளில் சாய்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். பெற்றவளைப் பறிகொடுத்த மாதிரி அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே, நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். செத்தவளோடும் எனக்குப் போட்டி விடவில்லை.

மணி அடித்தது. ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தூக்குச்சட்டியை மூடி என் கையில் கொடுத்து, கேட் வரை கூட்டி வந்தாள். மூக்குத் தண்டில் ஒரு கோடு தனாக்கா. என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நாலு மணி ஆச்சும்மா. வீட்டுக்குப் போ."

சிஸ்டர் சொல்லும் அடுத்த வாக்கியம் அவள் வாய்வரை வந்தது, நான் பார்த்தேன். ஆனால் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டில் காத்துக்கொண்டிருக்க வேண்டிய அம்மா நானே கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.